தோட்டப் பாடசாலையின் ஆண்டிறுதிக் கணக்கு

மலைநாட்டிலே மார்கழி பிறந்ததென்றால் எல்லாரும் கணக்கு முடிக்கிறார்கள். தோட்டத்துக் காரியாலயத்தில் ஆண்டு விளைச்சலைக் கூட்டிப் பார்க்கிறார்கள். லயத்து வீட்டிலே, தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தில் இன்னும் எவ்வளவு கழிபட இருக்கிறது என்று தாயும் தகப்பனும் எண்ணிப் பார்க்கிறார்கள். பாடசாலையிலே ஆசிரியர் இடாப்பைக் கூட்டி, சராசரி வரவைக் கண்டு, தேர்ச்சி அறிக்கைகளை நிரப்பி, வகுப்பேற்றப் பட்டியலில் கையொப்பமிடுகிறார். வெளியே வடகீழ்ப் பருவக்காற்றின் மழை. மூடுபனி சன்னல்வரை வந்து நிற்கிறது.

இந்த ஆசிரியர்களுள் ஒருவருடைய கணக்கு மட்டும் எளிதில் முடிவதில்லை. அவர் விசேட கல்வி ஆசிரியர். காது கேளாத பிள்ளை, கண் தெரியாத பிள்ளை, அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ள பிள்ளை, நாற்காலியில் ஐந்து நிமிடம் அமர இயலாத பிள்ளை ஆகியோரை ஓர் அறையிலே வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் உழைத்தவர். ஆண்டிறுதியில் அவரை ஒரு சோர்வு வந்து பற்றுகிறது. இரவில் உறக்கம் வருவதில்லை. காரணமின்றிச் சினம் வருகிறது. பிள்ளைகள் மீதும் வருகிறது. பிறகு அதற்காகத் தம் மீதே வருகிறது. இதனை அவருடைய மனத்தளர்ச்சி என்று சொல்லி விட்டுவிடுவாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. இந்தச் சோர்வுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வரலாறு மலைநாட்டிலே தொடங்கவில்லை, இங்கிலாந்திலே தொடங்குகிறது. 1862ஆம் ஆண்டில் ராபர்ட் லோ என்னும் அரசியலாளர் அந்நாட்டுப் பாடசாலைகளுக்கு ஒரு புதிய விதியைக் கொண்டு வந்தார். பரிசோதகர் வந்து பிள்ளைகளை வாசிக்கச் செய்வார், எழுதச் செய்வார், கணக்குப் போடச் செய்வார். தேறிய பிள்ளைக்குப் பணம் உண்டு. தேறாத பிள்ளைக்கு இல்லை. பெறுபேற்றுக்கு ஏற்ற கொடை என்பது இதன் பெயர். பாடசாலைப் பரிசோதகராக முப்பத்தைந்து ஆண்டு கடமையாற்றிய கவிஞர் மத்தேயு ஆர்னல்டே இம்முறையைக் கடுமையாக எதிர்த்தார். கல்வி இயந்திரமாகிவிடும் என்பது அவருடைய அச்சம். ஆயினும் அந்த நூற்றாண்டின் இறுதிவரை அம்முறை அங்கே நிலைத்திருந்தது.

இலங்கையிலே 1869ஆம் ஆண்டில் வித்தியா பகுதி நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கு இந்தப் பெறுபேற்று முறை வந்து சேர்ந்தது. கப்பலேறி வந்த கோப்பிக் கன்றைப் போலவே இதுவும் இங்கே வேரூன்றியது. கோப்பியை 1869இல் தோன்றிய இலைநோய் அழித்துவிட்டது. பெறுபேற்று முறையை அழிக்க அப்படி ஒரு நோயும் வரவில்லை. அதன் சட்டம் போய்விட்டது, குணம் போகவில்லை.

வித்தியாதரிசி என்னும் சொல்லை இன்றைய இளைஞர்கள் அறியமாட்டார்கள். பாடசாலையைப் பரிசோதிக்க வரும் அதிகாரிக்கு இலங்கைத் தமிழர் வைத்த பெயர் அது. வித்தையைத் தரிசிப்பவர் என்ற பொருள் அழகானதுதான். ஆனால் அவர் வருகிறார் என்றால் ஆசிரியருக்கு அடிவயிறு கலங்கும். அவர் கேட்கும் கேள்விக்கு எந்தப் பிள்ளை விடை சொல்லும், எந்தப் பிள்ளை விழிக்கும் என்பதை ஆசிரியர் முன்னரே அறிவார். விழிக்கக்கூடிய பிள்ளையை அன்று பாடசாலைக்கு அனுப்பவேண்டாம் என்று தாயிடம் சொல்லிவிடும் ஆசை எவருக்கும் எழக்கூடியதே. ஒரு பிள்ளை ஆசிரியருக்கு நட்டக் கணக்காகத் தோன்றும்படி செய்த முறை அது. இன்று நாம் விசேட தேவையுடையவர் என்று அழைக்கும் பிள்ளைகளே அதனால் முதலில் வெளியே நின்றார்கள்.

தோட்டங்களுக்கு வருவோம். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிசன் முதலான சபைகள் சில தோட்டங்களிலே பள்ளிகள் நடத்தின. சில இடங்களிலே கங்காணிமாரே ஓர் உபாத்தியாயரை வைத்துக்கொண்டார்கள். 1907ஆம் ஆண்டின் எட்டாம் இலக்கக் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயதுவரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தருவது தோட்டத்துரையின் கடமை என்றது. 1920ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் அக்கடமையை மேலும் வலியுறுத்தியது. சட்டம் கடதாசியில் அழகாகவே இருந்தது. லயத்தின் கோடியில் ஓர் அறை, ஒரு கரும்பலகை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள்: பெரும்பாலான தோட்டங்களில் அது கண்ட வடிவம் இவ்வளவே. அதிகாலையிலே பிரட்டுக்களத்தில் பெரியவர்கள் வேலைக்குப் பேர் கொடுத்த பின்பு, பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள். சிலர் இடுப்பிலே தங்கையைச் சுமந்துகொண்டு வருவார்கள். பத்து வயதை எட்டிய பையன் கொழுந்துக் கூடைக்கோ புல்வெட்டுக்கோ போய்விடுவான்.

அந்த ஆசிரியருக்குச் சம்பளம் தோட்டத்திலிருந்து வந்தது. அவர் துரைக்கும் அஞ்சவேண்டும், வித்தியாதரிசிக்கும் அஞ்சவேண்டும். 1940களில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இந்நாட்டிலே இலவசக் கல்வி மலர்ந்தபோதும், 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும், தோட்டப் பாடசாலைகள் வாசலுக்கு வெளியிலேயே நின்றன. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம்வரை வழி திறந்திருந்த காலத்தில், தோட்டத்துப் பிள்ளைக்கு வழி ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அங்கே விசேட கல்வியைப் பற்றி யார் பேசுவார்?

பேசவில்லை என்பதற்காகப் பிள்ளைகள் இல்லாமற் போகவில்லை. புகை சூழ்ந்த லயத்து அறையிலே காதில் சீழ் வடிந்து, மருந்தின்றி, கேள்வி மங்கிய பிள்ளை இருந்தது. அம்மை வந்து பார்வை கெட்ட பிள்ளை இருந்தது. இவர்களுக்கு இடாப்பிலே பெயர் இல்லை. லயத்திலே பட்டப்பெயர் இருந்தது. ஊமையன், குருடி, மந்தம் என்பவை அன்பில்லாதவர் வாயிலிருந்து மட்டும் வந்த சொற்கள் அல்ல. பெற்ற தாயும் அப்படியே அழைத்தாள். வேறு சொல்லை அவளுக்கு யாரும் தரவில்லை. இப்பிள்ளைகள் பிள்ளைமடுவத்திலே வளர்ந்தார்கள், பிறகு சுள்ளி பொறுக்கினார்கள், தண்ணீர் சுமந்தார்கள், மாடு மேய்த்தார்கள். சிலர் நன்றாகவே கொழுந்து பறித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். தேயிலைச் செடி எவரிடமும் எழுத்தறிவு கேட்பதில்லை.

இதே காலத்தில் வேறிடங்களில் என்ன நடந்தது? திருநெல்வேலிச் சீமையிலே, பாளையங்கோட்டையில், 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் கண் தெரியாத பிள்ளைகளுக்குக் கல்வி தொடங்கினார். அதே ஊரில், அந்தப் பத்தாண்டிலேயே, புளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியை அமைத்தார். மலைநாட்டுத் தொழிலாளருள் எத்தனையோ குடும்பங்களின் பூர்வீகம் அந்தச் சீமையும் அதன் அயற்சீமைகளும் ஆகும். ஊரைவிட்டு இங்கே வந்தவர்களின் பிள்ளைகளுக்கு எட்டாதது, ஊரிலே தங்கியவர்களின் பிள்ளைகளுட் சிலருக்கு எட்டியது. இலங்கையிலே 1912ஆம் ஆண்டில் மேரி சப்மன் அம்மையார் செவிப்புலனும் விழிப்புலனும் அற்றோருக்கான பாடசாலையைத் தொடங்கினார். இன்று அது இரத்மலானையில் இருக்கிறது. பின்னர் அந்த அம்மையார் பர்மாவுக்குப் போய் இரங்கூனிலும் 1920இல் ஒரு பள்ளி நிறுவினார். அப்பள்ளி அவர் பெயராலேயே வழங்குகிறது. யாழ்ப்பாணத்துக் கைதடியில் 1956ஆம் ஆண்டில் நஃபீல்ட் பாடசாலை தோன்றியது. 1951ஆம் ஆண்டில் இந்திய மொழிகளுக்கும் இலங்கை மொழிகளுக்கும் பொதுவாக அமைந்த பாரதி பிரெயில் முறை, பாளையங்கோட்டைப் பிள்ளையும் கைதடிப் பிள்ளையும் ஒரே தமிழை விரலால் தடவி வாசிக்க வழி செய்தது.

ஆனால் ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இரயில் வழி ஏறத்தாழ 170 கிலோமீற்றர். கைதடி அதனினும் மிகத் தொலைவு. நாட்கூலித் தாய் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாளின் சம்பளம் இல்லை. பிள்ளையைக் கூட்டிச் செல்ல இரண்டு நாள், விடுமுறைக்கு அழைத்து வர இரண்டு நாள், திரும்ப விட இரண்டு நாள் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே பிள்ளை தோட்டத்திலேயே இருந்தது. அதன் பாரத்தை யாரேனும் ஏற்றிருந்தால், அந்த ஒற்றை ஆசிரியர்தான் ஏற்றிருக்கவேண்டும். அவருக்கு அதற்கான பயிற்சி இல்லை. அதற்கான பெயரும் இல்லை. கடைசி வாங்கிலே அப்பிள்ளையை உட்கார வைத்துச் சிலேட்டிலே ஒரு வட்டம் வரையக் கற்றுக்கொடுத்த ஆசிரியரே மலைநாட்டின் முதல் விசேட கல்வி ஆசிரியர். அவர் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

அவருக்கு வேறு கணக்குகளும் இருந்தன. தோட்டத்திலே எழுதத் தெரிந்தவர்கள் சிலர். கணக்கப்பிள்ளை துரையின் பக்கம். ஆகவே ஊருக்குக் கடிதம் எழுதவும், வந்த கடிதத்தை வாசிக்கவும், மனுக்கள் எழுதவும் மக்கள் ஆசிரியரிடமே வந்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. மறு ஆண்டின் சட்டப்படி பிரசாவுரிமைக்கு விண்ணப்பம் செய்யும் காலம் 1951 ஆவணி மாதத்தோடு முடிந்தது. பிறந்த நாள் தெரியாத ஒரு சமுதாயத்துக்கு, பிறந்த நாளைக் கேட்கும் படிவத்தை நிரப்புவது எத்தகைய வேலை என்று எண்ணிப் பாருங்கள். பகலிலே ஐந்து வகுப்பு. இரவிலே விளக்கடியில் விண்ணப்பம்.

1964ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பங்கிட்டார்கள். 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கி வைத்தார்கள். பின்வந்த ஆண்டுகளில் ஆசிரியர்களின் இடாப்பிலே புதியதொரு குறிப்பு ஏறியது. பெயருக்கு நேரே சிவப்பு மையால் ஒரு கோடு. பக்கத்தில் ‘இந்தியா சென்றார்’. ஹட்டன் புகையிரத நிலையத்திலே தகரப்பெட்டிகளோடு அழுதுகொண்டு நின்ற கூட்டங்களைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறி அவர்கள் போனார்கள். ஆண்டு முழுவதும் பாடுபட்டு எழுத்துக் கூட்ட வைத்த பிள்ளை ஆண்டிறுதிப் பரீட்சைக்கு இல்லை. தேர்ச்சி அறிக்கையில் அப்பிள்ளைக்கு என்ன எழுதுவது? ஆசிரியரின் ஆண்டிறுதிச் சோர்வு என்று நாம் பேசுகின்றபோது, அந்தச் சிவப்புக் கோடுகளையும் அதிலே சேர்த்துக்கொள்ளவேண்டும். இது என் எண்ணம்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980களில் சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டடங்களும் பயிற்சிகளும் வந்தன. 1990களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் துணையுடன், கொட்டகலையை அடுத்த பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டத்திலே பிறந்தவர்களே ஆசிரியராய்த் திரும்பி வந்தார்கள். இந்த மாற்றத்தை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. நாட்டுச் சட்டங்களும் திருந்தின. வலுவிழந்தோர் உரிமைகளைப் பேணும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாடு காரணமாக எவரையும் கல்வி நிலையத்திலே சேர்க்க மறுக்கலாகாது என்கிறது. 1998 முதல் ஐந்து வயது தொடக்கம் பதினான்கு வயதுவரை கல்வி கட்டாயம் ஆயிற்று. பின்பு அது பதினாறாக உயர்ந்தது. 2016இல் இலங்கை, வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. பாடசாலைகளிலே விசேட கல்வி அலகுகள் தோன்றின. வாசலுக்கு வெளியே நின்ற பிள்ளை உள்ளே வந்தது.

உள்ளே வந்த பிள்ளைக்கு ஓர் அறை கிடைத்தது. ஓர் ஆசிரியரும் கிடைத்தார். பேச்சுப் பயிற்சியாளரும் உளவியலாளரும் உதவியாளரும் தோட்டத்துப் பாதை ஏறி வருவது அரிது. ஆகவே அந்த ஒருவரே எல்லாமும் ஆகிறார். ஐந்து வகுப்பையும் ஒருவரே பார்த்த பழைய கதை ஐந்து விதமான குறைபாடுகளையும் ஒருவரே பார்க்கும் புதிய கதையாயிற்று. அதன்மேல் பரீட்சை என்னும் மேகம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலே எத்தனை பிள்ளைகள் சித்தி என்பதைக் கொண்டே மலைநாட்டுப் பாடசாலையின் பெருமை பேசப்படுகிறது. சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களை மதிலிலே ஒட்டுகிறார்கள். அதிலே பிழையில்லை. லயத்து வாழ்க்கையிலிருந்து வெளியேறும் கதவு அது என்று நம்பும் பெற்றோரை யார் குறைகூற முடியும்? ஆனால் விசேட கல்வி ஆசிரியரின் பிள்ளை படம் அந்த மதிலிலே வருவதில்லை. அவருடைய ஓராண்டு உழைப்பு அங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை.

1974இல் நியூயோர்க் நகரத்து உளவியலாளர் ஹேர்பேர்ட் புராய்டன்பேர்கர், ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்திலே தொண்டாற்றியோரிடம் ஒரு வாட்டத்தைக் கண்டு எழுதினார். விறகு எரிந்து சாம்பலாவதைப் போன்றது என்று பெயரிட்டார். கிறிஸ்டினா மஸ்லாக் அம்மையார் 1981இல் அதனை மூன்றாகப் பகுத்தார். முதலாவது, உணர்ச்சி வற்றிய களைப்பு. இரண்டாவது, தாம் பேணுகின்றவர்களிடமே மனம் ஒட்டாமை. மூன்றாவது, எதையும் சாதிக்கவில்லை என்னும் எண்ணம். முதல் இரண்டும் உழைப்பின் மிகுதியால் வரக்கூடும். மூன்றாவதை மலைநாட்டு ஆசிரியருக்குப் பெரும்பாலும் கொண்டு வருவது அந்த ஆண்டிறுதிப் படிவம்தான். பாடம், புள்ளி, வகுப்பில் எத்தனையாம் இடம் என்று கேட்கும் படிவத்திலே, ‘பங்குனியில் தன் பெயரைக் கேட்டுத் திரும்பாத பிள்ளை இப்பொழுது திரும்புகிறது’ என்று எழுத இடமில்லை. எழுத இடமில்லாததை ஆசிரியரும் நாளடைவில் மறந்துபோகிறார். ஆண்டு வீணாயிற்று என்று நினைக்கிறார். லோ அவர்களின் கைநீளம் அவ்வளவு!

இதற்கு என்ன வழி? அனுபவம் மிக்க ஆசிரியர்கள் செய்து வருபவை சில உண்டு, புதுமையானவை அல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி வைத்திருப்பது அவற்றுள் முதன்மையானது. நாள்தோறும் எழுத இயலாது. கிழமைக்கு இரண்டு வரி போதும். தை மாதத்தில் பொத்தான் போடத் தெரியாது. வைகாசியில் ஒன்று போட்டாள். கார்த்திகையில் ஐந்தையும் போட்டுக்கொண்டு வந்தாள். மார்கழியிலே மனம் சோரும்போது அந்தக் கொப்பியைத் திறந்து பார்த்தால், வித்தியாதரிசி காணாத வித்தை அங்கே இருக்கும். பெற்றோருக்கு அறிக்கை எழுதும்போதும் அதுவே கைகொடுக்கும். பல அறிக்கைகளை ஒரே கிழமையில் எழுத உட்காராமல், ஐப்பசி முதலே நாளுக்கு ஒன்றாக எழுதி வைப்போரும் உளர். பிறகு பார்க்கலாம் என்று எல்லாவற்றையும் மார்கழிக்குத் தள்ளுவதே நம்மில் பலருடைய பழக்கம். மழையும் தடிமனும் அதே மாதத்தில்தான் வரும் என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று துணை. தோட்டத்து விசேட கல்வி ஆசிரியர் பெரும்பாலும் தம் பாடசாலையிலே தனியொருவர். அயற்பாடசாலையிலே இருக்கும் அதேபோன்ற மற்றொருவரோடு மாதம் ஒருமுறை இருந்து பேசினாலே பாரம் பாதியாகும். ‘உங்கள் பிள்ளையும் அப்படியா?’ என்று கேட்கக் கிடைப்பது பெரிய மருந்து. முற்காலத்து ஆசிரியர்களுக்கு இந்தத் துணை வேறு விதமாய்க் கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஆசிரியர்கள், 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியிலே விடுமுறைக்கு ஊர் சென்றார்கள். ஒரே பெட்டியில் பத்து ஆசிரியர்கள் இருந்தால் அது ஓடும் மாநாடு அல்லவா! அவர்கள் தை பிறந்தும் திரும்பி வருவதில்லை என்று தோட்டத்து மக்கள் குறைப்பட்டதும் உண்டு. அக்குறையிலே நியாயம் இருந்தது. ஆனால் ஓய்வெடுத்துத் திரும்பியவரைக் காட்டிலும், ஓய்வே இன்றி அங்கேயே கிடந்தவர் பிள்ளைகளுக்கு எவ்வளவு பயன்பட்டார் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி.

பெற்றோரைக் குறித்தும் ஒரு சொல். வேலை நாளில் கூட்டம் வைத்துவிட்டு, ஒருவரும் வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. மலையிலே நிற்கும் தாய் எப்படி வருவாள்? ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் லயத்துக்குப் போனால், ஒரு கோப்பை தேநீரோடு அரைமணி நேரத்தில் முடியும் காரியம் அது. ஆனால் அதுவே ஞாயிறுதோறும் நிகழுமாயின் ஆசிரியரின் ஓய்வு போய்விடும். தவணைக்கு ஒரு ஞாயிறு என்று வரையறுத்துக்கொள்வது நன்று. தமக்கென ஒரு நாளை வைத்துக்கொள்வது தன்னலம் என்று எண்ணும் ஆசிரியர்கள் மலைநாட்டிலே இன்னும் உளர். அவர்களோடு நான் உடன்படவில்லை.

இவையெல்லாம் ஆசிரியர் தாமே செய்துகொள்ளக்கூடியவை. எல்லாப் பாரத்தையும் அவருடைய மனத்திடத்தின்மீது ஏற்றிவிடுவது முறையன்று. 1966ஆம் ஆண்டு ஐப்பசி 5ஆம் நாள் யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழில் தாபனமும் இணைந்து ஆசிரியர் நிலை குறித்து ஒரு விதந்துரையை நிறைவேற்றின. பிள்ளை ஒவ்வொன்றையும் தனித்தனியே கவனிக்கத்தக்க அளவினதாய் வகுப்பு இருத்தல் வேண்டும் என்று அதிலே கூறப்பட்டிருக்கிறது. தோட்டப் பாடசாலைகளுக்கென 2010களில் சேர்க்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்களுக்கோ மாதம் 6,000 ரூபாயே முதலில் கொடுக்கப்பட்டது. அந்தப் பணத்தில் நுவரெலியாக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டையும் வாங்கி, வீட்டுக்கும் அனுப்பி, பிள்ளைகளுக்கு வர்ணப் பென்சிலும் வாங்கியவர்களை நான் அறிவேன். அறைக்கு ஓர் உதவியாளர், மாதம் ஒருமுறையேனும் வரும் ஒரு பேச்சுப் பயிற்சியாளர், பொத்தான் கணக்கை எழுத இடமுள்ள ஒரு படிவம்: இவை மூன்றும் கிடைக்குமானால் சோர்வைப் பற்றிய பேச்சே பாதியாகக் குறையும். மூன்றிலும் செலவில்லாதது படிவம். அதையாவது முதலில் மாற்றலாம்.

கல்வியாண்டு தை மாதம் தொடங்கி மார்கழியில் முடிவது இந்நாட்டின் நெடுநாள் வழக்கம். 2020இல் வந்த கொள்ளைநோய்க்குப் பின் அது சில ஆண்டுகள் முன்னும் பின்னுமாய்ப் போயிற்று. எந்த மாதத்தில் முடிந்தாலும் ஆசிரியர் அதே மேசையில்தான் அமர்கிறார். அறிக்கைகளை முடித்துக் கட்டி வைத்துவிட்டு, பிள்ளைகளின் கொப்பிகளை அலமாரியில் அடுக்குகிறார். அடுத்த ஆண்டு இடமாற்றம் வந்தாலும் வரலாம். ஆகவே ஒவ்வொரு கொப்பியின் முதற்பக்கத்திலும், வரப்போகும் ஆசிரியருக்கென்று இரண்டு வரி எழுதுகிறார்: இவளைக் கூப்பிடும்போது இடப்பக்கம் நின்று கூப்பிடவும், வலக்காது கேளாது. இவன் சத்தத்துக்கு அஞ்சுவான். தகரக் கூரையில் மழை பெய்யும்போது பக்கத்தில் இருக்கவும்.